தோள் இறுகும் காலமும் தளரும் காலமும்: ஃப்ரோசன் ஷோல்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

"கையைத் தூக்க முடியலை" என்று ஒருவர் சொன்னால் போதும், சுற்றியிருக்கிற நாலு பேரும் நாலு காரணம் சொல்வார்கள். வாய்வு பிடிச்சிருக்கு, நரம்பு சுருட்டிக்கிச்சு, ஃபேனுக்கு நேராகப் படுத்தது, ஒரே பக்கம் ஒருக்களித்துப் படுத்தது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயரும் வைத்துவிடுவார். கையோடு வைத்தியமும் வரும்: "வலிக்குதுன்னு விட்டா அப்படியே நின்னுடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்து இழுத்துப் பழக்கணும்."

இந்தப் பேச்சில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. தோளில் எந்த வலி வந்தாலும் அதே பெயரை வைத்துவிடுவதால், தசைநார் கிழிந்தவரும் கழுத்து நரம்பு அழுந்தியவரும் தவறான பாதையில் மாதக்கணக்கில் போகிறார்கள். உண்மையிலேயே ஃப்ரோசன் ஷோல்டர் வந்தவரோ, இழுக்கக் கூடாத காலத்தில் இழுத்து வலியைக் கூட்டிக்கொள்கிறார். "இயற்கை முறை" என்ற பெயரில் விற்கப்படும் பலவும் இந்த இரண்டாவது சிக்கலைத்தான் பெரிதாக்குகின்றன. தோள் மூட்டு வலித்து இறுகிப்போகும் இந்த நோய்க்கென்று ஒரு போக்கு உண்டு. அது தெரிந்தால் எப்போது ஓய்வு, எப்போது ஒத்தடம், எப்போது பயிற்சி என்று பெரும்பாலும் நாமே புரிந்துகொள்ளலாம்.

தோளுக்குள் இருக்கும் தளர்வு

உடம்பில் மிக அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள்தான். மேல் கை எலும்பின் உச்சி பந்து போல உருண்டை. அது பொருந்தி உட்காரும் குழி, தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்கிறது. குழி ஆழமே இல்லாதது, பந்தோடு ஒப்பிட்டால் சிறியது. இடுப்பு மூட்டில் இருப்பது போல எலும்பு எலும்பைக் கவ்விப் பிடிப்பதில்லை. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் போகிறது.

பந்தையும் குழியையும் சுற்றி மெல்லிய, வலுவான ஒரு பை இருக்கிறது. இதை மூட்டுறை என்று சொல்லலாம். உள்ளே கொஞ்சம் வழவழப்பான திரவம். இந்த உறை எப்படி வேலை செய்கிறது என்பதை ரவிக்கை தைத்தவர்களும் போட்டவர்களும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கை மூட்டும்போது அக்குளுக்கு அடியில் கொஞ்சம் துணியைத் தளர விட்டுத்தான் தையல்காரர் தைப்பார். கையைத் தொங்கவிட்டால் அந்தத் துணி மடிந்து கிடக்கும். கையைத் தூக்கினால் மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அந்தத் தளர்வு இல்லாமல் பிடித்துத் தைத்த ரவிக்கையோடு பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கப் போனால், பாதி உயரத்திலேயே துணி இழுக்கும். இன்னும் மேலே போக வேண்டுமென்றால் தோளையே உயர்த்தி, உடம்பைச் சாய்த்து எட்ட வேண்டும்.

மூட்டுறையின் அடிப்பகுதியிலும் அக்குள் பக்கம் இதே மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. ஃப்ரோசன் ஷோல்டரில் முக்கியமாகச் சுருங்கிப்போவது அந்த மடிப்பும், உறையின் முன்மேல் பகுதியும்தான். ஆரோக்கியமான தோளுறைக்குள் 20 மில்லி அளவுக்குத் திரவம் ஏற்ற முடியும். இறுகிய உறையில் பெரும்பாலும் 10 மில்லிகூடப் பிடிக்காது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பயிற்சிக்கு உதவும். கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்குவது ஏறக்குறைய 180 டிகிரி அசைவு. அதில் சுமார் 120 டிகிரிதான் பந்தும் குழியும் செய்வது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் சறுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. பந்து நகராவிட்டால் தோள்பட்டை அதற்கும் சேர்த்து உழைக்கும். இறுகிய தோளோடு கையைத் தூக்குபவரின் தோள் காதுவரை எகிறுவதும், மாதக்கணக்கில் கழுத்தும் முதுகும் சேர்ந்து வலிப்பதும் இதனால்தான். பலர் கழுத்து வலிக்கென்று மருந்து தேடுவார்கள். சிக்கல் ஒரு முழம் தள்ளி இருக்கும்.

உறை ஏன் சுருங்குகிறது

முதலில் உறையின் உள்பூச்சில் அழற்சி வருகிறது. அழற்சி என்றால் காயத்துக்கோ தொல்லைக்கோ உடம்பு காட்டும் எதிர்வினை: ரத்த ஓட்டம் கூடும், திசு சிவந்து தடிக்கும், வலி நரம்புகள் கூர்மையாகும். சாதாரணக் காயத்தில் இந்த எதிர்வினை வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இங்கே அடங்காமல் நீள்கிறது. அடுத்து, திசுக்களைப் பழுதுபார்க்கும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்து தழும்பு போன்ற நாரிழைகளைக் குவிக்கின்றன. அந்தச் செல்களில் சில, தசையைப் போல இழுத்துச் சுருக்கும் தன்மையும் கொண்டவை. உறை தடித்து, சுருங்கி, தளர்வை இழக்கிறது. உள்ளங்கையில் நார் தடித்து விரல்கள் மடங்கிப்போகும் ஒரு நோய் இருக்கிறதே, அதில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு.

இந்தச் செல்கள் ஏன் இப்படிக் கிளம்புகின்றன என்பதற்கு மருத்துவ உலகில் இன்னும் முழு விடை இல்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்ளே 1872இல் இந்த நோயை விவரித்தார். பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் காட்மன் 1934இல் ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரைக் கொடுத்தார். 1945இல் நெவியாசர் என்ற அமெரிக்க மருத்துவர், கோளாறு மூட்டுறையிலேயே இருக்கிறது என்று காட்டினார். உறை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் நினைத்தார். பிற்காலத்தில் மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் அப்படி ஒட்டல் தென்படவில்லை. சுருங்கிய உறைதான் தெரிந்தது. சிறிய திருத்தம் போலத் தோன்றினாலும் விளைவு பெரியது. ஒட்டிக்கொண்டது என்றால் ஒரே இழுப்பில் பிய்த்துவிடலாம் என்று தோன்றும். தடித்துச் சுருங்கிய, அழற்சியில் இருக்கும் திசுவை அப்படிப் பிய்க்கப்போனால் புதுக் காயம்தான் மிஞ்சும்.

இதுவரை பார்த்தது: இது எலும்புத் தேய்மானமோ நரம்புச் சுருட்டலோ கிடையாது. மூட்டுறை அழற்சியால் தடித்து, சுருங்கி, இடம் கொடுக்காமல் போவதே நோய். எக்ஸ்ரேயில் அநேகமாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் எக்ஸ்ரே காட்டுவது எலும்பை.

இது அதுதானா என்று எப்படித் தெரியும்

தோள்வலி வந்த பலருக்கும் கையைத் தானாகத் தூக்க முடியாது. அடுத்தவர் பிடித்து மெதுவாகத் தூக்கினால் போகுமா என்பதே கேள்வி. தோளைத் தூக்கிச் சுழற்றும் தசைநார் (ரொட்டேட்டர் கஃப்) கிழிந்தவருக்கு, அடுத்தவர் தூக்கினால் வலியோடாவது கை பெரும்பாலும் மேலே போகும். தசைதான் பழுது, வழி திறந்திருக்கிறது. ஃப்ரோசன் ஷோல்டரில் யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கும்.

அதைவிடத் தெளிவான அடையாளம் வெளிப்பக்கச் சுழற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலகாமல் இரண்டு முன்கைகளையும் கதவு திறப்பது போல வெளியே விரியுங்கள். நல்ல கை தாராளமாக விரியும். இறுகிய கை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். இந்த நோயில் முதலில் போவதும் மிக அதிகமாகப் போவதும் இந்த அசைவுதான். தலை சீவ, சட்டையின் இரண்டாவது கையை நுழைக்க, பின்சீட்டில் இருக்கும் பையை எட்ட இது வேண்டும். அடுத்தடுத்து, பக்கவாட்டில் தூக்குவதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் குறையும். ரவிக்கைக்குப் பின்கொக்கி போட முடியவில்லை, பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை என்று சொல்வது அந்தக் கட்டத்தில்.

இந்தச் சோதனை ஓர் ஊகத்துக்குத்தான். தோளின் தேய்மானமும், கவனிக்காமல் விட்ட மூட்டு விலகலும் இதே மாதிரி இறுக்கத்தைக் காட்டும். அதனால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. சில நிலைமைகளில் தாமதிக்கவே கூடாது. இடது தோளும் கையும் வலிக்கும்போது நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலும் போகும். காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தால், விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போனால், கையில் மரத்துப்போதலோ பலவீனமோ இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், அல்லது முன்பு புற்றுநோய் இருந்திருந்தால் ஒத்தடம், எண்ணெய் என்று நாள் கடத்தக் கூடாது.

யாருக்கு வருகிறது: சுகரை முதலில் பாருங்கள்

மக்கள்தொகையில் 2 முதல் 5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில் அதிகம், பெண்களுக்குச் சற்று அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு பல மடங்கு ஏறி 10 முதல் 20 சதவீதம் ஆகிறது. வலி நீடிப்பதும், இரண்டு தோளும் மாட்டிக்கொள்வதும் அவர்களுக்குத்தான் கூடுதல். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், அது உறை, தசைநார் போன்றவற்றில் இருக்கும் புரத இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்துவிடுகிறது. வளைந்து கொடுக்க வேண்டிய இழை விறைத்துப்போகிறது.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நடத்தி 2023இல் வெளியான ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் கணிசமானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆகவே காரணம் தெரியாமல் தோள் இறுகினால், எந்த எண்ணெய் நல்லது என்று விசாரிப்பதற்கு முன்னால் சர்க்கரைப் பரிசோதனை ஒன்று எடுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே தைராய்டும் பார்க்கலாம். அது குறைந்தாலும் கூடினாலும் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம். முழு உடம்பையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியம் என்று சொல்லிக்கொள்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். தோளை மட்டும் நீவிவிட்டு அனுப்பினால் அதில் முழுமை என்ன இருக்கிறது?

கையை நீண்ட நாள் அசைக்காமல் வைத்திருப்பது இன்னொரு காரணம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டவர்கள், பக்கவாதத்தால் கை விழுந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய அறுவைக்குப் பின் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பவர்கள். இவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அசைக்கலாம் என்று சிகிச்சை தந்த மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்வது நல்ல தடுப்பு.

மூன்று பருவங்கள்

முதல் பருவத்தில் வலி தலையெடுக்கும். அநேகமாக 2 முதல் 9 மாதம். இரவில் அதிகம், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியாது. பஸ் குலுங்கினாலோ யாராவது சட்டென்று கையைப் பிடித்து இழுத்தாலோ உயிர் போகிற வலி. அசைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உறைக்குள் அழற்சி உச்சத்தில் இருக்கும் காலம் இது.

இரண்டாவது பருவத்தில் இரவு வலி தணியும், கை மட்டும் பூட்டியது போல நிற்கும். 4 முதல் 12 மாதம் வரை. அசைவின் எல்லையைத் தொட்டால்தான் வலிக்கும். மூன்றாவதில் மெல்லத் தளரும், 5 மாதம் முதல் 2 வருடம் வரை ஆகலாம். மொத்தத்தில் 1 முதல் 3 வருடம். பருவங்களுக்கு நடுவே கோடு கிழித்தது போல எல்லை கிடையாது, ஒன்று மற்றதில் கரையும்.

"தானாகவே சரியாகிவிடும்" என்று சொல்வது பெரும்பாலும் உண்மை, முழுதும் உண்மையில்லை. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 62 பேரைச் சராசரியாக 7 வருடம் கழித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ மிச்சம் இருந்தது. பெரும்பாலோருக்கு அன்றாட வேலை தடைபடவில்லை என்பதும் சேர்ந்தே வருகிற செய்தி.

சுருக்கமாக: முதல் பருவத்தின் எதிரி வலி, இரண்டாவதின் எதிரி இறுக்கம், மூன்றாவதில் தளர்ச்சி தானே வரும், அதற்கு நாம் கை கொடுக்கிறோம்.

இழுத்தால் சரியாகுமா

நெதர்லாந்தின் குரோனிங்கனில் இருந்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 77 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு வலியின் எல்லையைத் தாண்டி நீட்டி இழுக்கும் தீவிர பிசியோதெரபி. இன்னொரு பிரிவினருக்கு நோயைப் பற்றி விளக்கம், வலிக்காத அளவுக்குள் ஊசலாட்டம், முடிந்த அன்றாட வேலை, அவ்வளவுதான். 2 வருட முடிவில் மென்மையாக நடத்தப்பட்டவர்களில் 89 சதவீதம் பேரின் தோள் ஏறக்குறைய இயல்புக்கு வந்திருந்தது. இழுத்தவர்களில் 63 சதவீதம்.

சின்ன ஆய்வுதான், இதை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் உறைக்குள் நடப்பதோடு இது பொருந்திப்போகிறது. கனன்றுகொண்டிருக்கும் திசுவைப் பலமாக இழுத்தால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். அவற்றையும் பழுதுபார்க்க அதே செல்கள் கிளம்பும், மேலும் தழும்பு. வலிக்கும்போது சுற்றியுள்ள தசைகள் காவலுக்கு நின்று தாமே இறுகிக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுத்ததும் சிலருக்குக் கை முன்பைவிடக் கணிசமாக அசைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, இறுக்கத்தில் ஒரு பங்கு உறையுடையது, இன்னொரு பங்கு பயந்துபோன தசையுடையது. பயந்த தசையை அடித்துப் பணியவைக்க முடியாது.

அப்படியென்றால் கையை அசைக்காமலே வைத்திருக்கலாமா? அதுவும் ஆகாது. அசையாத தோள் இன்னும் இறுகும், தசையும் மெலியும். வலியின் ஓரம்வரை போய்த் திரும்புவது, அதைப் பல முறை செய்வது என்பதே வழி. ஓர் எளிய அளவுகோல்: பயிற்சியின்போது லேசான இழுப்பு தெரியலாம், அரை மணி நேரத்துக்குள் அது அடங்கிவிட வேண்டும். அன்று இரவு வழக்கத்தைவிட வலித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

*தூக்கம்.* முதல் பருவத்தில் இதுதான் பெரிய மருந்து. தூக்கம் கெட்டால் வலி கூடுதலாக உறைக்கும், சுகரும் ஏறும். மல்லாந்து படுப்பவர்கள் மேல் கைக்கும் முழங்கைக்கும் அடியில் மெல்லிய தலையணையோ மடித்த போர்வையோ வையுங்கள். கை பின்னோக்கிச் சரிந்து உறையை இழுக்காமல் இருக்கும். ஒருக்களிப்பவர்கள் நல்ல பக்கம் படுத்து, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து அதன் மேல் வலிக்கும் கையைப் போட்டுக்கொள்ளலாம். வலி தூங்கவே விடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு வலி மாத்திரை எடுப்பதில் தவறில்லை. இயற்கை முறை என்பதற்காக மாதக்கணக்கில் விழித்திருப்பது உடம்புக்குச் செய்யும் நன்மை ஆகாது.

*சின்னச் சின்ன மாற்றங்கள்.* சட்டையோ ரவிக்கையோ போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வேண்டாம், ஒரு பிரேக் போதும். நல்ல கையால் செங்குத்துக் கம்பியைப் பிடியுங்கள். துணி காயப்போடும் கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். அடிக்கடி எடுக்கும் டப்பாக்கள் பரணில் இருந்து இறங்கட்டும்.

*ஒத்தடம்.* பயிற்சிக்கு முன் 10, 15 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் தசையின் காவல் தளரும். வெந்நீர்ப் பை, கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டியது, நொச்சி இலையை வதக்கிக் கட்டியது எதுவானாலும் சரி. பலன் பெரும்பாலும் சூட்டுக்குத்தான். வலி கொதிக்கும் நாட்களில் சிலருக்குக் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும், அதுவும் செய்யலாம். சுகரால் தோலின் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வீட்டில் இன்னொருவரிடம் சோதித்துவிட்டே வைக்க வேண்டும். தெரியாமல் கொப்புளம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

*எண்ணெயும் நீவலும்.* மூட்டுறை தடித்த தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. மேலே பூசும் தைலம் அங்கே போய்ச் சேர்ந்து உறையைக் கரைக்காது. ஆனால் கழுத்து, தோள்பட்டை, முதுகு ஆகியவற்றில் அதிகமாக உழைத்துக் களைத்த தசைகளுக்கு மிதமான நீவல் நிஜமாகவே ஆறுதல் தரும். நல்லெண்ணெய் போதும். "உள்ளே கட்டி இருக்கு, உடைக்கணும்" என்று கட்டைவிரலால் குத்தி அழுத்துபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் வாத நோய்கள் 80 என்று வகுத்திருக்கிறார்கள். அதில் கும்பவாதம் என்று விவரிக்கப்படுவதை இந்த நோயோடு ஒப்பிடுவார்கள். தொக்கணம் (உடம்பை நீவிவிடும் முறை), ஒத்தடம், வர்மம் எல்லாம் அங்கே சிகிச்சை முறைகள். அந்த வழியில் போக விரும்பினால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. லேபிள் இல்லாத பொட்டலப் பொடி இரண்டே நாளில் வலியை மாயமாக நீக்கினால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. சுகர்காரருக்கு அது இரட்டை ஆபத்து.

*உணவு.* தோளைத் தளர்த்தும் தனி உணவு எதுவும் இல்லை. மஞ்சள், இஞ்சி, பூண்டு சமையலில் இருப்பது போல இருக்கட்டும், அவற்றால் உறை இளகாது. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரும் சாப்பாடும் தினசரி நடையும் மறைமுகமாக உதவும். நடக்கும்போது கையைப் பாக்கெட்டில் சொருகிக்கொள்ளாமல் இயல்பாக வீசி நடங்கள்.

பயிற்சிகள், பருவம் பார்த்து

முதல் பருவத்துக்கு ஊசலாட்டம். நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கையை ஆட்டாதீர்கள், உடம்பை லேசாக ஆட்டினால் கை தானே ஆடும். முன்னும் பின்னும், பக்கவாட்டில், பிறகு சின்ன வட்டம், ஒரு நிமிடம் போதும். முன்பு சொன்ன காட்மன்தான் இதைப் பரப்பினார். மேசையில் ஒரு துணியைப் போட்டு அதன் மேல் கையை வைத்து, துடைப்பது போல முன்னால் தள்ளித் திரும்புவது இன்னொன்று. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது தள்ளுங்கள், தசை அப்போது எளிதில் விட்டுக்கொடுக்கும். சூரிய நமஸ்காரம், கைகளில் எடை தாங்கும் ஆசனங்கள் இந்தக் காலத்தில் வேண்டாம்.

வலி தணிந்து இறுக்கம் மிஞ்சும் இரண்டாவது பருவத்தில் வெளிச்சுழற்சியைக் குறிவையுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, அதன் அடியில் மடித்த துண்டு வையுங்கள். ஒரு குடையையோ கம்பையோ இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் 15, 20 நொடி நிற்கட்டும். சிலர் கை தூக்குவதையே பழகிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சுழற்சி இல்லாமல் பந்து குழிக்குள் சரியாக உருளாது, எவ்வளவு பழகினாலும் கை பாதியில் இடிக்கும்.

சுவரில் விரலால் ஏறுவது எல்லோரும் அறிந்தது, ஆனால் பாதிப் பேர் தவறாகச் செய்கிறார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். தோள் காதை நோக்கி எழுந்த நொடியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏறுவது தோள்பட்டையின் உபயம், மூட்டுக்கு அதில் பங்கில்லை. சுவரில் பென்சிலால் குறி போட்டு அதைத் தினமும் தாண்டப் பார்க்கும் பழக்கத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். நாளுக்கு நாள் பார்த்தால் ஏமாற்றம்தான், ஏமாற்றத்தில் இழுக்கத் தோன்றும்.

முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது மூன்றாவது பருவத்துக்கானது. ரப்பர் பட்டை, சிறு எடை வைத்துத் தசைக்கு வலு சேர்ப்பதும் அப்போதுதான். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, ஒரு நாளில் மூன்று நாலு தடவை ஐந்தைந்து நிமிடம் செய்வது மேல். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தொடக்கத்தில் முறையைக் காட்டிக்கொடுத்தால், மிச்சத்தை வீட்டில் தொடரலாம்.

ஊசி, அறுவை பற்றி

இவற்றை இயற்கைக்கு விரோதம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. முதல் பருவத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், சில மாதங்கள் வலியைத் தணிக்கும். அந்த இடைவெளியில் தூக்கமும் பயிற்சியும் சாத்தியமாகும். சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உறைக்குள் திரவத்தை ஏற்றி விரிக்கும் முறை ஒன்றும் உண்டு. மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து உறையை விடுவிப்பதும், சிறு துளை வழியே உறையை வெட்டித் தளர்த்துவதும் கடைசிக் கட்டம். ரவிக்கையில் தையலைப் பிரித்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரிடம் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வு, இந்த இரண்டு முறைகளையும் ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் எந்த ஒன்றும் மற்றதைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை, எல்லாப் பிரிவினரும் தேறியிருந்தார்கள். ஆகவே முதல் சந்திப்பிலேயே அறுவை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் எல்லாம் செய்தும் கை அசையாமல் வேலையே நின்றுபோனவருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது.

ஒரு முறை வந்து தளர்ந்த தோளில் இது மறுபடி வருவது அரிது. அடுத்த தோளில் சில வருடங்களுக்குள் வருவது அவ்வளவு அரிதில்லை, சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் வாய்ப்பு. அதனால் தேறியவர்கள் மாதம் ஒரு தடவை, முழங்கையை விலாவில் ஒட்டி இரண்டு கைகளையும் வெளியே விரித்துப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்து வரலாம். நல்ல தோள் குறைவாக விரியத் தொடங்கினால் வலி பெரிதாகும் முன்பே மருத்துவரிடம் போய்விடலாம். போகும்போது கடைசியாக எடுத்த எச்பிஏ1சி அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.